பழைய வண்டியை நன்றாக ஓட்டுபவருக்குப் புது வண்டி எப்போது கிடைக்கும்?

கேள்வி: ஒரே நிறுவனத்தில் 11 வருடமாக நெடுந்தூர லாரி ஓட்டுகிறேன். இப்போது என் கையில் இருக்கும் வண்டிக்கு 9 வயது. கண்ணும் கருத்துமாக வைத்திருக்கிறேன். சமீபத்தில் நான்கு புது வண்டிகள் வந்தன. அதில் ஒன்று, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு பையனுக்குப் போனது. மேலாளரிடம் கேட்டால், "அந்தப் பழைய வண்டியை உங்களை விட்டால் வேறு யார் ஓட்டுவார்கள்?" என்று சிரிக்கிறார். இது பாராட்டா தண்டனையா என்றே புரியவில்லை. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நாளைக்கே புது வண்டி கொடுத்தாலும் இதைவிட்டு இறங்க மனசு வருமா என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். வேண்டுமானால் இந்த வண்டியை எனக்கே கொடுத்துவிட்டு, சம்பளத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சும் அடிபடுகிறது. என்ன செய்யட்டும்? வேலையை விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மேலாளர் சொன்னது பாராட்டும்தான், தண்டனையும்தான். லாரி நிறுவனங்களில் வண்டிப் பிரிவைப் பல ஆண்டுகள் கவனித்தவன் நான். எந்த வண்டி யார் கைக்குப் போக வேண்டும் என்ற பட்டியலைப் போடும் வேலையும் என்னிடம் இருந்தது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கணக்கு வேறு மாதிரி தெரியும். புது வண்டி யார் ஓட்டினாலும் முதல் இரண்டு மூன்று வருடம் பெரிதாகப் படுத்தாது. படுத்தினாலும் வாரண்டி இருக்கிறது. ஒன்பது வயது வண்டி அப்படியா? கிளட்சை மிதித்தே தேய்ப்பவர், சூட்டு முள் ஏறுவதைப் பார்க்காமல் மேட்டில் விரட்டுபவர் கையில் அது போனால் மூன்றே மாதத்தில் ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிடும். உங்களிடம் இருக்கும் வரை ஓடும். எனவே உங்களை அதிலேயே வைத்திருப்பது மேலாளருக்கு லாபம். அவருக்கு உங்கள் மேல் கோபமும் இல்லை, கரிசனமும் இல்லை. அப்படியே விட்டால் அந்த வண்டி விற்கப்படும் நாள் வரை நீங்கள் அதில்தான் இருப்பீர்கள்.

அந்தப் பையன் விஷயத்துக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் உங்களை அதிகம் உறுத்துவது அதுதான் என்று தெரிகிறது. அவனுக்குப் புது வண்டி கிடைத்ததற்கு அவன் உங்களைவிட உசத்தி என்ற அர்த்தமே இல்லாமல் இருக்கலாம். புதிதாக வேலைக்கு வருபவர்களில் பலர் கியர் மாற்றும் வண்டியில் பழகியதே இல்லை. அமெரிக்காவில் ஆட்டோமேட்டிக் லாரியை ஓட்டிக் காட்டி உரிமம் வாங்கியவரின் உரிமத்தில் அதற்கென்று ஒரு கட்டுப்பாட்டுக் குறியே போட்டுவிடுவார்கள். கியர் லாரியை அவர் தொடக் கூடாது. அப்படிப்பட்டவரை உங்கள் வண்டியில் ஏற்ற முடியாது. ஆக, கியர் தெரியாதவருக்கு ஆட்டோமேட்டிக்கான புது வண்டி, கியர் தெரிந்தவருக்குப் பழைய வண்டி என்று ஆகிவிடுகிறது. கூடுதலாக ஒரு வித்தை தெரிந்ததற்கு இது என்ன கூலி என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெருகிய எல்லா இடத்திலும் மூத்த டிரைவர்கள் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை வெளியே சொல்ல மாட்டார்கள். ஆள் பிடிப்பதற்குப் புது வண்டி ஒரு தூண்டில். டிரைவர் கிடைக்காமல் திண்டாடும் நிறுவனம், வந்து சேருபவரிடம் "சாவி புதுசு" என்று சொல்லித்தான் இழுக்கும். ஏற்கெனவே இருப்பவர் எங்கே போய்விடப் போகிறார் என்ற தைரியம் அவர்களுக்கு. (மேலாளர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குத் திட்டு விழும். பரவாயில்லை.)

பொதுவாகப் புது வண்டி யாருக்கு என்பது எப்படி முடிவாகிறது தெரியுமா? நீங்கள் சர்வீஸ் வருடத்தைத்தான் முதலில் நினைக்கிறீர்கள். சில இடங்களில் அதுதான் சட்டம். சங்கம் வலுவாக இருக்கும் நிறுவனங்களில் மூத்தவர்தான் முதலில் தேர்ந்தெடுப்பார். பல இடங்களில் அது மூன்றாவதோ நான்காவதோ காரணம்தான். முதல் காரணம் ரூட். வண்டி புதிதாக வந்ததும் அதிக கிலோமீட்டர் ஓடும் தடத்தில் போடுவார்கள், நான்கைந்து வருடத்தில் நடுத்தர தூரத்துக்கு இறக்குவார்கள், கடைசியில் உள்ளூர் வேலைக்கு. இந்தப் படியில் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். அப்புறம் புகை விதிகள். லண்டன் 2008லேயே கனரக வண்டிகளுக்குக் குறைந்த மாசு மண்டலம் கொண்டுவந்தது. இப்படி விதி இருக்கும் நகரத்துக்கு லோடு எடுப்பவருக்கு யூரோ 6 என்ற ஐரோப்பியப் புகை அளவுக்கு உட்பட்ட வண்டி கொடுத்துதான் ஆக வேண்டும்; அவர் நேற்றுச் சேர்ந்தவரானாலும் சரி. வேறு சில நிறுவனங்களில் யாருடைய வண்டி விற்பனைக்குப் போகிறதோ அவருக்குத்தான் அடுத்த புது வண்டி. அங்கே நல்ல பெயர், கெட்ட பெயர் எதுவும் கணக்கில் வராது, வண்டியின் வயதுதான் பேசும்.

இதற்கெல்லாம் பிறகுதான் "நல்ல டிரைவருக்குப் பரிசு" என்ற கணக்கு வரும். அது இருக்கும் இடங்களில் எதைப் பார்க்கிறார்கள்? டீசல்தான் முதலில். அடுத்து விபத்து இல்லாத வருடங்கள், திடீர் பிரேக், சும்மா நிற்கும்போது என்ஜினை ஓட விட்ட நேரம், டயர் தேய்மானம், தாமதமில்லாத டெலிவரி, காகிதங்களை ஒழுங்காக ஒப்படைப்பது. கேபின் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன். காலடியில் குப்பை குவிந்து கிடக்கும் ஆளிடம் புத்தம்புது இருக்கையை ஒப்படைக்க யாருக்கும் கை வராது.

டீசல் விஷயத்தில் டிரைவரின் பங்கு சின்னதல்ல. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டியை 90க்கு ஏற்றினால் அந்த எதிர்ப்பு கால் பங்குக்கு மேல் கூடிவிடும். பெரிய டீசல் என்ஜின் சும்மா நின்று உறுமினால் மணிக்குச் சுமார் 3 லிட்டர் போகும். இதெல்லாம் உங்களுக்கு உடம்பிலேயே தெரிந்த சங்கதி. இறக்கத்தில் எங்கே காலை எடுப்பது, அடுத்த மேட்டுக்கு எங்கே வேகம் சேர்ப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இங்கேதான் உங்களுக்கு ஒரு பாதகம். புது வண்டிகளில் இவ்வளவும் கருவியில் பதிவாகி, மாதக் கடைசியில் மதிப்பெண்ணாக மேலாளர் மேசைக்குப் போகிறது. உங்கள் வண்டியில் அந்தக் கருவி இருக்கிறதா? இருந்தாலும் ஒன்பது வயது என்ஜினின் மைலேஜை ஒரு வயது என்ஜினின் மைலேஜோடு பக்கத்தில் வைத்தால் நீங்கள்தான் கீழே இருப்பீர்கள். மேடு பள்ளமான தடத்தையும் சமவெளியையும் ஒரே பட்டியலில் போட்டுப் பார்க்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கடிதத்தில் நீங்கள் எழுதிய "கண்ணும் கருத்துமாக" என்ற வார்த்தைதான் என்னை நிறுத்தியது. உங்களைப் போன்றவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். காற்றுக் குழாயில் மெல்லிய சீறல் கேட்டால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி இறுக்கிவிடுவீர்கள். பல்பு போனால் பையிலிருந்து எடுத்து மாட்டிவிடுவீர்கள். பெல்ட் தளர்ந்தால், கதவுத் தாழ் ஆடினால், எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் கம்பியும் இருக்கும். ஒர்க்‌ஷாப்புக்கு எழுதிக் கொடுப்பது உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். விளைவு என்ன? ஆபீஸ் கணக்கில் உங்கள் வண்டி எந்தத் தொந்தரவும் இல்லாத வண்டி. எதை விற்று எதை வாங்குவது என்று வருடா வருடம் முடிவு செய்பவர், ஒவ்வொரு வண்டிக்கும் கிலோமீட்டருக்கு ரிப்பேர் செலவு என்ன என்றுதான் பார்ப்பார். உங்கள் வண்டி அந்தப் பட்டியலில் எப்போதும் கடைசி. "இதுக்கென்ன, இன்னும் மூணு வருஷம் ஓடும்" என்று புரட்டிவிட்டுப் போய்விடுவார். வண்டி ஓடுவதற்குக் காரணம் நீங்கள் என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

அதனால் வேண்டுமென்றே வண்டியைக் கெடுக்கச் சொல்லவில்லை. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ரொம்ப நாள் மறைக்கவும் முடியாது, மாட்டினால் அடுத்த வண்டி இன்னும் மோசமானதாக இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது, செய்வதை எழுதிக் கொடுப்பது. காலையில் வண்டியைச் சுற்றிவந்து பார்க்கிறீர்கள் அல்லவா, அதில் கண்டது அத்தனையும் தினசரிப் படிவத்தில் வர வேண்டும். நீங்களே சரி செய்த சில்லறை வேலைகளையும், "சரி செய்யப்பட்டது" என்று குறித்து, தேதியோடு கொடுங்கள். பிரேக், ஸ்டீயரிங், டயர் சம்பந்தப்பட்ட எதையும் இனி சொந்தமாகச் சமாளிக்காதீர்கள். அது ஒர்க்‌ஷாப்பின் வேலை, பொறுப்பும் அவர்களுடையது. நீங்கள் கம்பி கட்டி ஓட்டிய ஒரு சாமானால் நாளைக்கு ஏதாவது நடந்தால் உங்கள் 11 வருட நல்ல பெயர் துணைக்கு வராது. ஆறு மாதம் இப்படிச் செய்தால் அந்த வண்டிக்கு ஒரு நிஜமான கோப்பு உருவாகும். மைலேஜையும் ரூட், லோடு விவரத்தோடு நீங்களே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பட்டியலில் நீங்கள் ஏன் கீழே இருக்கிறீர்கள் என்று பேச வேண்டி வரும்போது அது கை கொடுக்கும்.

அப்புறம் மேலாளரிடம் பேசுங்கள். வாசலில் நின்று கேட்டால் சிரித்துத்தான் மழுப்புவார். நேரம் கேட்டு உட்கார்ந்து பேசுங்கள். "எனக்கு ஏன் தரவில்லை, அவனுக்கு ஏன் தந்தீர்கள்" என்று ஆரம்பித்தால் அவர் அந்தப் பையனைப் பற்றியே பேசிப் பொழுதைப் போக்கிவிடுவார். "புது வண்டி ஒதுக்குவதற்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள்? அந்த விதிப்படி நான் எத்தனையாவது ஆள்? என் வண்டியை மாற்றும் வருடம் எது?" இந்த மூன்றுக்கும் பதில் கேளுங்கள். விதியே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். 1975ல் ஜான் திபோ, லாரன்ஸ் வாக்கர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வழக்குத் தகராறுகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள்: முடிவு தனக்குப் பாதகமாக இருந்தால்கூட, முடிவெடுத்த முறை நியாயமானது, தன் பேச்சும் கேட்கப்பட்டது என்று தோன்றினால் மனிதர் அதை ஏற்றுக்கொள்கிறார். டிரைவர்கள் விஷயத்தில் இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வரிசைப் பட்டியலை அலுவலகச் சுவரில் ஒட்டியதும் பாதிச் சண்டை அடங்கிவிடும். ஒட்டாத இடத்தில் ஒவ்வொரு புது வண்டிக்கும் நான்கு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். உங்கள் மேலாளருக்கும் இது தலைவலிதான். பட்டியல் போடலாம் என்ற யோசனையை நீங்களே கொடுங்கள்.

அந்தப் பேச்சில் இன்னொன்றையும் சேர்க்கலாம். புது வண்டிக்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆகும் என்றால், அதுவரைக்கும் இருப்பதைச் சரி செய்து தரச் சொல்லுங்கள். டிரைவர்கள் புது வண்டி கேட்கும்போது பல நேரம் அவர்களுக்கு வேண்டியது புது இருக்கை. ஏர் சீட்டில் குலுக்கலைத் தணிக்கும் டேம்பர் தேய்ந்துபோனால் ரோட்டின் அத்தனை குலுக்கலும் முதுகுத்தண்டுக்கு வந்து சேரும். இது சொகுசு சம்பந்தப்பட்டதல்ல. ஐரோப்பாவில் 2002ல் வந்த ஒரு நெறிமுறை, உடல் முழுவதும் தாக்கும் அதிர்வுக்கு எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்டு அளவு வைத்திருக்கிறது: 0.5 மீட்டர்/வினாடி² ஐத் தாண்டினால் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது. உங்களுக்கு முதுகுவலி இருந்தால், இருக்கையை மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். படுக்கை மெத்தை, கேபின் சஸ்பென்ஷன், கதவு ரப்பர், என்ஜினை அணைத்த பிறகும் வேலை செய்யும் ஏசியோ ஹீட்டரோ, இவையெல்லாம் ஒரு லாரி விலையில் எந்த மூலைக்கு? "இவருக்கு வண்டி தர முடியவில்லை, இதையாவது தருவோம்" என்று கையெழுத்துப் போட மேலாளர்கள் பெரும்பாலும் தயங்க மாட்டார்கள்.

இனி உங்கள் இரண்டாவது சங்கடம். வண்டியைவிட்டு இறங்க மனசு வராதது சிரிப்பதற்கான விஷயம் என்று நான் நினைக்கவில்லை. சட்டப்படி தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை மனிதர் எப்படித் தன்னுடையதாக உணர்கிறார் என்று 2001ல் ஜான் பியர்ஸ், டாட்டியானா கோஸ்டோவா, கர்ட் டர்க்ஸ் மூவரும் எழுதினார்கள். அதற்கு மூன்று வழிகள் இருப்பதாகச் சொன்னார்கள்: அதன் மேல் நமக்கு இருக்கும் கட்டுப்பாடு, அதைப் பற்றி நெருக்கமாகத் தெரிந்திருப்பது, நம் உழைப்பை அதில் போடுவது. அவர்கள் லாரியை மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் இந்த மூன்றும் லாரி அளவுக்கு ஒன்றுசேரும் தொழில் வேறு எது இருக்கிறது சொல்லுங்கள். ஸ்டீயரிங் முழுக்க உங்கள் கையில். எந்த கியரில் எந்தச் சத்தம் வந்தால் சரி, எது வந்தால் ஆபத்து என்று உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வருடக்கணக்கில் துடைத்து, இறுக்கி, எண்ணெய் பார்த்திருக்கிறீர்கள். கூடவே, நெடுந்தூர டிரைவருக்கு அதுதான் படுக்கையறை.

லாரி தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1990ல் வந்த ரெனோவின் மேக்னம் வண்டியில் என்ஜின் மேடு கேபினுக்குள் துருத்தவே துருத்தாது. தரை ஒரே சமம், எழுந்து நடக்கலாம். உயரமாக ஏறிப்போக வேண்டும் என்று முனகினாலும், அதில் வாழ்ந்த டிரைவர்கள் அதை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டார்கள். மறுபக்கம், கேபினை வீடு என்று நிறுவனங்கள் சாக்காகச் சொல்வதும் நடக்கும். ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் அதற்கு ஒரு எல்லை போட்டது: 45 மணி நேர வார ஓய்வை வண்டிக்குள் படுத்துக் கழிப்பதாகக் கணக்குக் காட்டக் கூடாது. கேபின் எவ்வளவு வசதியாக இருந்தாலும் சரி, வார ஓய்வு கீழே இறங்கித்தான். வண்டிமேல் பாசம் வைத்திருக்கும் டிரைவர்கள் ஓய்வு நாளிலும் அதையே சுற்றிச்சுற்றி வருவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்த ரகம் என்றால் கொஞ்சம் தள்ளி இருந்து பழகுங்கள். பிரிய வேண்டிய நாள் எப்படியும் வரும்.

புது வண்டியும் உடனே பிடித்துவிடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரம் உங்கள் இடது கால் கிளட்சைத் தேடும். வோல்வோ 2001ல் தானே கியர் மாற்றும் ஐ-ஷிப்ட் கொண்டுவந்தபோதும், மற்றவர்கள் பின்னால் வந்தபோதும், கை தேர்ந்த டிரைவர்களுக்கு அதே எரிச்சல்தான்: மேட்டில் நான் போடும் நேரத்துக்குக் கியர் விழ மாட்டேன் என்கிறதே. பழகியபின் அவர்களில் பலர் திரும்பிப் போக விரும்பவில்லை. நாள் முழுக்கக் கியர் மாற்றிய முழங்காலுக்குத்தான் அந்த அருமை தெரியும். பிரேக்குக்குத் துணையாக வேகத்தைக் குறைக்கும் ரிடார்டர் இருந்தால் நீண்ட இறக்கத்தில் கால் பிரேக்கைத் தொடாமலே இறங்கலாம். தானாகப் பிரேக் போடும் கருவி ஐரோப்பாவில் 2015 நவம்பர் முதல் பெரும்பாலான புதிய கனரக வண்டிகளுக்குக் கட்டாயம். அது சில நேரம் காரணமில்லாமல் கத்தும், ஆனால் ஒரே ஒரு நாள் காரணத்தோடு கத்தினால் போதும். புகை வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது, சென்சார் விளக்குக்கெல்லாம் கம்பி வைத்தியம் கிடையாது. கையில் ஸ்பேனர் வைத்திருப்பவருக்கு இது ஒரு சின்ன அவமானமாகக்கூட இருக்கும். வண்டி ஒப்படைக்கும்போது கம்பெனியிலிருந்து பயிற்சியாளர் வருவார் என்றால், அவரை ஒரு முழு நாள் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுங்கள். சாவியை வாங்கிக்கொண்டு பத்து நிமிடத்தில் அனுப்பிவிடாதீர்கள்.

கண்காணிப்பும் கூடும். உள்ளே பார்க்கும் கேமரா, ஒவ்வொரு பிரேக்குக்கும் மதிப்பெண். இதற்குப் பயந்தே பழைய வண்டியிலேயே இருந்துவிடுகிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்யும் டாக்கோகிராப் வந்தபோது பிரிட்டிஷ் டிரைவர்கள் அதைக் "கேபினுக்குள் ஒற்றன்" என்று திட்டினார்கள்; அந்த நாட்டு அரசே அதைக் கட்டாயமாக்காமல் இழுத்தடித்து, 1979ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னாளில் அதே ஒற்றன்தான், ஓய்வு கொடுக்காமல் விரட்டும் முதலாளிக்கு எதிராக டிரைவர் பக்கம் சாட்சி சொன்னது. கேமரா அவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், படுத்திருக்கும்போதும் ஓடுமா என்று சாவி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தவணைப் பேச்சைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பயம் கொடுத்த வரி அதுதான். ஒன்பது வயது வண்டியை, அதன் மேல் அதிகப் பாசம் வைத்திருக்கும் ஆளிடம் விற்பதைவிட நிறுவனத்துக்கு லாபமான வியாபாரம் கிடையாது. விற்பனைச் சந்தையில் விலை பேசும் வியாபாரி குறை கண்டுபிடிப்பார். நீங்கள் கண்டுபிடிக்க மாட்டீர்கள், கண்டாலும் மன்னித்துவிடுவீர்கள். அதைவிட முக்கியம், பணம் கட்டி முடியும்வரை வண்டி யார் பெயரில் இருக்கும்? இன்ஜின் வேலை வந்தால் யார் செலவு? லோடு கொடுப்பது அவர்கள்தானே, இரண்டு மாதம் லோடு குறைத்தால் தவணை எங்கிருந்து வரும்? நடுவில் வேலையைவிட்டு நின்றால் கட்டிய பணம் திரும்புமா? அமெரிக்காவில் டிரைவர்களுக்கு இப்படி வேலையோடு சேர்த்து வண்டியைத் தவணைக்குக் கொடுக்கும் திட்டங்கள் நிறைய. 2021ம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் அதை ஆராய ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு 2025 ஜனவரியில் கொடுத்த அறிக்கை, இந்தத் திட்டங்களைத் தடை செய்யச் சொன்னது. சொந்த வண்டி ஆசை இருந்தால் அது தனிக் கதை: வண்டியை நிறுவனத்துக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காட்டி, வெளியே கடன் வாங்கி, வேறு இடத்திலும் லோடு கிடைக்குமா என்று பார்த்துவிட்டு எடுங்கள். சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்ற காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தப் பையனிடம் முகம் திருப்பிக்கொண்டு போகாதீர்கள். பட்டியலை அவன் போடவில்லை. முடிந்தால் அவன் வண்டியில் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். உங்களுக்கு அது உண்மையிலேயே வேண்டுமா என்பது ஒரு டிரிப்பில் தெரிந்துவிடும். வேண்டாம் என்று தோன்றினாலும் தப்பில்லை. அப்போது மேலாளரிடம் கேட்க வேண்டியது, பழைய வண்டியைக் கட்டி ஓட்டுவதற்கு ஒரு கூடுதல் படி. உங்களால் ஒர்க்‌ஷாப் செலவு மிச்சமாகிறது என்று அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டிருக்கிறார், அதைப் பணமாகக் கொடுக்கட்டும்.

வேலையை விட்டுவிட இப்போது அவசரமில்லை. ஆறு மாதம் எழுதிக் கொடுத்து, மூன்று கேள்விக்கும் பதில் வராமல், இருக்கைகூட மாறவில்லை என்றால் வெளியே விசாரியுங்கள். வேறு நிறுவனத்தில் "புது வண்டி தருவோம்" என்று சொல்வார்கள், அதில் மயங்க வேண்டாம். வண்டி எனக்கு மட்டுமா, அல்லது நான் லீவு போட்டால் வேறு டிரைவர் ஏறுவாரா என்று முதலில் கேளுங்கள். ஒருவர் இறங்க ஒருவர் ஏறும் முறையில் வண்டிகள் ஓடும் இடம் உங்களுக்கு ஒத்துவராது. அடுத்தவர் படுத்த மெத்தை, அடுத்தவர் தள்ளிவைத்த கண்ணாடி, யார் இடித்தது என்று தெரியாத பம்பர், ஒரே மாதத்தில் சலித்துவிடும். எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வண்டி மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள், அதை மேலாளரிடம் கேட்காமல் ஷெட்டில் நிற்கும் டிரைவரிடம் கேளுங்கள்.